நிலக்கரிச் சுரங்கத் தண்ணீர்: சட்டம் எங்கே பிடிக்கிறது, எங்கே கோட்டை விடுகிறது

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2010-ஆம் ஆண்டு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பைச் சேர்ந்தவர்கள், அரசின் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்கள். அமைப்பின் பெயர் அப்பலாச்சியன் வாய்ஸஸ். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனிகள் தங்கள் சுரங்கத்திலிருந்து வெளியே போகும் தண்ணீரைச் சோதித்து அரசுக்கு அனுப்பிய அறிக்கைகள் அந்தக் கோப்புகளில் இருந்தன. இரும்பு இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு, தண்ணீரில் மிதக்கும் மண்தூசு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எண்கள். படித்தால் கொட்டாவி வரும் சமாச்சாரம். ஆனால் சில இடங்களில் ஒரு மாதத்து எண்கள் அடுத்த மாதத்துத் தாளிலும் அச்சு அசலாக அப்படியே இருந்தன. ஓடுகிற தண்ணீரில் இது நடக்காது. நேற்று பெய்த மழையும் இன்று வெடித்த பாறையும் எண்ணை மாற்றிவிடும். பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளை எழுதியிருக்கிறார்கள் என்பது அந்த அமைப்பின் குற்றச்சாட்டு.

சுரங்கத் தண்ணீர் விஷயத்தில் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சட்டம், அதிகாரி, அபராதம் எல்லாம் இருந்தும் அந்தத் தாளை ஒருவர் உட்கார்ந்து படிக்கும்வரை ஒன்றும் நகரவில்லை. அந்த வழக்குக்குப் பிறகு வருவோம். முதலில் அடிப்படை.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது

நிலக்கரியிலும் அதைச் சுற்றியுள்ள பாறையிலும் பைரைட் என்ற கனிமம் கலந்திருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி வெளியே போட்டதும் காற்றும் தண்ணீரும் பட்டு, கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறத் தொடங்கும். அந்தத் தண்ணீர் ஓடையில் கலந்து அமிலம் கொஞ்சம் தணிந்ததும், இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாகப் படியும். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப் பகுதிச் சுரங்க ஊர்களில் இந்தச் சேற்றை 'யெல்லோ பாய்' என்பார்கள். ஓடைக் கற்களை அது மெழுகினாற்போல் மூடிவிடும். கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள் முதலில் போகும், அவற்றைத் தின்று வாழும் மீன்கள் அடுத்துப் போகும்.

சுரங்கத்தை மூடினாலும் இது நிற்காது என்பதுதான் பெரிய சிக்கல். நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை நின்று பம்பை நிறுத்தினால், உள்ளே தண்ணீர் ஏறி ஒருநாள் எங்கோ ஒரு பக்கவாட்டில் வழியத் தொடங்கும். பென்சில்வேனியாவில் நூறு வருடங்களுக்கு முன் கைவிட்ட சுரங்கங்களிலிருந்து இன்றும் அமிலத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

கென்டக்கி, மேற்கு வெர்ஜினியா பக்கம் இன்னொரு முறையும் உண்டு. மலையின் தலையையே வெடிவைத்துப் பெயர்த்துவிட்டு, அடியிலுள்ள நிலக்கரியை எடுப்பார்கள். பெயர்த்த பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டி நிரப்புவார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றோடை அதோடு புதைந்துவிடும். மழைநீர் அந்தக் கற்குவியலுக்குள் இறங்கிக் கீழே வழியும்போது பல உப்புகளையும் செலினியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். செலினியம் மனிதருக்கு நுண்ணளவில் தேவையான சத்துதான். ஓடையில் கொஞ்சம் கூடினாலே மீன்முட்டைகளில் சேர்ந்து, குஞ்சுகள் முதுகு வளைந்தும் தலை கோணியும் பிறக்கும்.

சுத்திகரிக்க முடியாதா என்றால், முடியும். மண்தூசுக்கு ஒரு குட்டை வெட்டித் தண்ணீரைத் தேக்கினால் அடியில் படிந்துவிடும். அமிலத்துக்குச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட வேண்டும். அதே வேகத்தில் இரும்பும் படிந்துவிடும். மாங்கனீசு அவ்வளவு சீக்கிரம் படியாது. தண்ணீரின் காரத்தன்மையை இன்னும் ஏற்றினால்தான் இறங்கும், அதாவது இன்னும் அதிக ரசாயனம், இன்னும் அதிகச் செலவு. செலினியமோ குட்டையில் படிவதே இல்லை. அதைப் பிடிக்கப் பாக்டீரியா வளர்க்கும் தொட்டிகளோ உயர்ரக வடிகட்டிகளோ வேண்டும். அங்கேதான் செலவு கோடிகளில் போகிறது. பின்னால் வரும் வழக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பெர்மிட் என்ன சொல்கிறது

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972-இல் வந்தது. அதன் அடிப்படை விதி எளிது. குழாய், வாய்க்கால், குட்டையின் மடை என எந்த வழியிலும், அனுமதி இல்லாமல் மாசு கலந்த நீரை ஆற்றிலோ ஓடையிலோ விடுவது குற்றம். அனுமதி, அதாவது பெர்மிட், வாங்கினால், அதில் எழுதியிருக்கும் அளவுக்குள் விடலாம்.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு என்று மத்திய அரசே குறைந்தபட்ச வரம்புகளை வைத்திருக்கிறது. பழைய சுரங்கம் ஒன்றில் ஒரு லிட்டர் தண்ணீரில் இரும்பு எந்த ஒரு நாளிலும் 7 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மாதச் சராசரி 3.5-ஐத் தாண்டக் கூடாது. மண்தூசுக்கு நாள் உச்சம் 70, மாதச் சராசரி 35. அமிலத் தண்ணீர் வரும் சுரங்கமானால் மாங்கனீசுக்கு 4, 2. தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். அளவு 6-க்கும் 9-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஓடை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் மாநிலம் இதைவிடக் கடுமையான வரம்பு விதிக்கலாம்.

நாள் உச்சம், மாதச் சராசரி என்று இரண்டு எண்கள் ஏன்? ஒருநாள் மட்டும் அளவு கூடினால் அது விபத்தாக இருக்கலாம். மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் சுத்திகரிப்பே போதவில்லை என்று அர்த்தம். இரண்டும் தனித்தனிக் குற்றம். மாதச் சராசரியை மீறினால், அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளும் மீறியதாகவே நீதிமன்றங்கள் கணக்கிட்டிருக்கின்றன. ஒரு குழாய், ஒரு மாதம், ஒரே ஒரு சராசரி, ஆனால் 30 மீறல்கள். செய்திகளில் '4,000 மீறல்', '20,000 மீறல்' என்று வரும் எண்களைப் பார்த்து மலைத்துப்போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதைச் சொல்லித்தான் தங்கள் பக்கம் நியாயம் பேசுவார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

மழைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கனமழை நாளில் மண்தூசு வரம்பு தளர்ந்துவிடும். பத்து வருடத்துக்கு ஒருமுறை பெய்யக்கூடிய அளவு மழை 24 மணி நேரத்தில் கொட்டினால், பி.ஹெச். ஒன்றைத் தவிர மற்ற வரம்புகள் விலகிவிடும். குட்டை எவ்வளவு தண்ணீரைத்தான் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஓடைக்கு அதிக மண் வந்து சேர்வதும் அதே நாளில்தான். விலக்கு கேட்கிற கம்பெனிதான் மழை அளவை நிரூபிக்க வேண்டும்.

இதோடு 1977-இல் இன்னொரு சட்டம் வந்தது, திறந்தவெளிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம். நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அதன் முக்கிய நோக்கம் என்றாலும், தண்ணீரும் அதில் அடக்கம். இதன்படி மாநில இன்ஸ்பெக்டர் மாதம் ஒருமுறை சுரங்கத்தை ஓரளவாவது பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பார்க்க வேண்டும். குறை கண்டால் மீறல் நோட்டீஸ் கொடுத்து, சரிசெய்யத் தவணை கொடுப்பார். தவணைக்குள் சரிசெய்யாவிட்டாலோ உடனடி ஆபத்து இருந்தாலோ வேலையையே நிறுத்தும் உத்தரவு போடலாம். என்னைக் கேட்டால் அபராதத்தைவிடக் கம்பெனிகள் பயப்படுவது இந்த உத்தரவுக்குத்தான். மெஷின் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். அதோடு, சரிசெய்யாத மீறல் பாக்கி இருக்கும் கம்பெனிக்குப் புதிய சுரங்க அனுமதி கிடைக்காது.

அளப்பது யார்?

விஷயத்தின் முடிச்சு இங்கே இருக்கிறது. அளப்பது கம்பெனியேதான்.

மின்வாரியத்து ஆள் வீட்டுக்கு வராமல், நாமே மீட்டரைப் பார்த்து எழுதி அனுப்பி, நாமே பில் கட்டுகிற ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான். மலைக்காட்டில் ஆயிரக்கணக்கான வெளியேற்ற முனைகள். ஒவ்வொன்றிலும் அரசே போய்த் தண்ணீர் பிடிப்பது நடக்காத காரியம். எனவே கம்பெனியே மாதிரி எடுத்து, லேபுக்கு அனுப்பி, முடிவை அரசுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால் அதையும் எழுத வேண்டும். பொறுப்பான அதிகாரி, சொல்வதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் ஜெயில்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. வரம்பை மீறிவிட்டோம் என்று கம்பெனி தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் நீதிமன்றத்தில் சாட்சி தேட வேண்டியதில்லை. அந்தத் தாளே சாட்சி. அந்தத் தாள்கள் பொது ஆவணம் என்பதால் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. பி.ஹெச். அளவைத் தண்ணீர் பிடித்த 15 நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் மாறிவிடும். மண்தூசுக்கான பாட்டிலை ஐஸ் பெட்டியில் 6 டிகிரிக்குக் கீழே வைத்து, 7 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். உலோகங்களுக்கான பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பும் மாங்கனீசும் பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இருப்பதைவிடச் சுத்தமாகத் தெரியும். எந்தக் குழாயில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் பிடித்தது என்று எழுதி, கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் உடைக்கலாம். மேற்கு வெர்ஜினியாவின் பெக்லி ஊரில் ஒரு தனியார் லேபில் வேலை பார்த்த ஒருவர் 2014-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சுரங்கத் தண்ணீர் மாதிரிகளில் நல்ல தண்ணீரைக் கலந்திருக்கிறார்கள். மோசமான குழாயில் பிடிப்பதற்குப் பதிலாக, தண்ணீர் நன்றாக இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த இடத்தில் போய்ப் பிடித்து, மோசமான குழாயின் பெயரை எழுதியிருக்கிறார்கள். லேபுக்குக் காசு கொடுப்பது சுரங்கக் கம்பெனி. முடிவு மோசமாக வந்தால் வாடிக்கையாளர் வேறு லேபைத் தேடிப் போய்விடுவார் என்ற பயம் லேபுக்கு எப்போதும் இருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கென்டக்கியில் என்ன நடந்தது

சரி, பழைய கதைக்கு வருவோம். சம்பந்தப்பட்டவை இரண்டு கம்பெனிகள். ஒன்று ஐ.சி.ஜி. என்ற இன்டர்நேஷனல் கோல் குரூப். இன்னொன்று ஃபிரேஷர் க்ரீக் மைனிங். 2010 அக்டோபரில் அப்பலாச்சியன் வாய்ஸஸும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து இரண்டு கம்பெனிகளுக்கும் நோட்டீஸ் அனுப்பின. 20,000-க்கும் மேற்பட்ட மீறல்கள் என்று கணக்குக் காட்டின. அன்றைய சட்டப்படி ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 37,500 டாலர் வரை அபராதம் போடலாம். அதிகபட்சமாகப் போட்டால் 74 கோடி டாலர்.

பொதுமக்கள் எப்படி நோட்டீஸ் அனுப்ப முடியும்? தூய நீர்ச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அரசு சும்மா இருந்தால், பாதிக்கப்பட்ட எவரும் கம்பெனி மீது நேரடியாக வழக்குப் போடலாம். ஆனால் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த 60 நாளில் கம்பெனி தன்னைத் திருத்திக்கொள்ளலாம், அல்லது அரசே விழித்துக்கொண்டு நடவடிக்கை எடுக்கலாம். அரசு முனைப்பாக வழக்கு நடத்தினால் பொதுமக்களின் வழக்குக்கு வழி அடைபடும்.

இந்த விதியின் நோக்கம் நல்லதுதான். நடைமுறையில் அது என்ன ஆகும் என்பதற்கு கென்டக்கியே உதாரணம். 60 நாள் முடியும் தறுவாயில் மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போனது. கையோடு சமரச ஒப்பந்தத்தையும் கொண்டுபோனது. ஐ.சி.ஜி. 3,50,000 டாலரும் ஃபிரேஷர் க்ரீக் 3,10,000 டாலரும் கட்டினால் போதும். மோசடி என்று அரசு சொல்லவில்லை. அறிக்கைகள் சரியில்லை, சரிசெய்துகொள்ளுங்கள் என்ற அளவோடு முடிக்கப் பார்த்தது. இதில் அரசுக்கும் சங்கடம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. அந்தத் தாள்கள் வந்து சேர்ந்தது அரசின் மேசைக்குத்தான்.

வழக்கு ஃபிராங்க்லின் வட்ட நீதிமன்றத்தில் நீதிபதி பிலிப் ஷெப்பர்டு முன் வந்தது. அவர் அந்த ஒப்பந்தத்தை அப்படியே முத்திரை குத்தி அனுப்பவில்லை. பொதுநல அமைப்புகளையும் வழக்கில் சேர அனுமதித்தார். அதை எதிர்த்து மேலே போனபோது மாநில உச்ச நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. ஐ.சி.ஜி. 2012-இல் அமைப்புகளோடு 5,75,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஃபிரேஷர் க்ரீக் வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2014 நவம்பரில் நீதிபதி மாநில அரசின் ஒப்பந்தத்தை நிராகரித்தார்.

அதே மாதம் அமைப்புகள் இன்னொரு நோட்டீஸ் அனுப்பின. அதே ஃபிரேஷர் க்ரீக், மறுபடியும் அதே எண்கள் திரும்பத் திரும்ப வரும் அறிக்கைகள். இந்த முறை கணக்கு ஏறக்குறைய 28,000 மீறல்கள். நான்கு வருடம் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே! கடைசியில் 2015-இல் அந்தக் கம்பெனி மீது 60 லட்சம் டாலர் அபராதம் என்று முடிவானது. முதலில் அரசு கேட்ட 3,10,000 டாலரோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இருபது மடங்கு. ஆனால் ஃபிரேஷர் க்ரீக்கின் தாய்க் கம்பெனியான டிரினிட்டி கோல் 2013-லேயே திவால் நீதிமன்றம் போயிருந்தது. நிலக்கரித் தொழில் சரியத் தொடங்கிய காலம் அது. ஓய்ந்துபோன கம்பெனி மீது பெரிய அபராதம் போடுவதால் ஓடைக்கு என்ன லாபம் என்று கேட்டால், நேர்மையான பதில் 'அதிகமில்லை' என்பதுதான்.

அந்த டிரினிட்டி கோலை 2010-இல் விலைக்கு வாங்கியிருந்தது நம் ஊர் எஸ்ஸார் குழுமம்.

அபராதம் எவ்வளவு போட்டால் உறைக்கும்?

சுத்திகரிப்பு நிலையம் கட்ட ஒரு கோடி, கட்டாமல் மாட்டிக்கொண்டால் பத்து லட்சம் என்றால், எந்தக் கணக்குப்பிள்ளையும் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வார். இதனால்தான் அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை அபராதத்தைக் கணக்கிடும்போது, சட்டத்தை மீறியதால் கம்பெனி எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று முதலில் பார்க்கிறது. அந்த மிச்சத்தைப் பிடுங்கிய பிறகுதான் தண்டனை தொடங்க வேண்டும் என்பது கொள்கை. எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை.

மாஸி எனர்ஜி என்ற பெரிய கம்பெனி 2008-இல் 2 கோடி டாலர் கட்டியது. 4,500-க்கும் மேற்பட்ட மீறல்கள். அன்று அது பெரிய செய்தி. 2011-இல் மாஸியை ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸ் வாங்கியது. 2014-இல் ஆல்ஃபாவும் அதன் துணைக் கம்பெனிகளும் மாட்டின. ஐந்து மாநிலங்கள், குறைந்தது 6,289 மீறல்கள், 2.75 கோடி டாலர் அபராதம். மாஸியை வாங்கியவர்கள் அதன் சுரங்கங்களையும் சேர்த்துத்தான் வாங்கினார்கள், பழக்கமும் கூடவே வந்துவிட்டது போலும்.

ஆல்ஃபா வழக்கில் அபராதத்தைவிட முக்கியமானது இன்னொன்று. சுத்திகரிப்புக்கும் தண்ணீர் விஷயத்தைத் திருத்துவதற்கும் சுமார் 20 கோடி டாலர் செலவழிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வெளியாட்களின் தணிக்கை வேண்டும். எதிர்காலத்தில் மீறினால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்த அபராதம் வேண்டும். இதில் புதிதாக வழக்குப் போட்டு வாதாட வேண்டியதில்லை, மீறியது தெரிந்தால் பணம் கட்ட வேண்டியதுதான். செய்தித் தலைப்பில் அபராதத் தொகை வரும். ஓடையின் நிறத்தை மாற்றுவது இந்த நிபந்தனைகள்தான்.

செலினியம் கதை இதற்கு இன்னும் நல்ல சாட்சி. மேற்கு வெர்ஜினியாவில் பேட்ரியட் கோல் கம்பெனியின் சுரங்கங்களிலிருந்து செலினியம் வரம்பு மீறி வந்தது. பொதுநல அமைப்புகள் வழக்குப் போட்டன. செலினியத்தைப் பிடிக்கும் நிலையம் கட்டு என்று நீதிமன்றம் 2010-இல் உத்தரவு போட்டது. அதற்கான செலவைக் கம்பெனியால் தாங்க முடியவில்லை. திவால் நடவடிக்கைக்கு நடுவில், 2012 நவம்பரில், மலையுச்சியைப் பெயர்க்கும் பெரிய சுரங்கங்களைப் படிப்படியாகக் கைவிடுவதாகப் பேட்ரியட் ஒப்புக்கொண்டது. மலையைப் பெயர்க்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தண்ணீர்ச் சட்டத்தின் ஒரு வரம்பு அந்த வேலையைச் செய்தது.

ஆனால் பெர்மிட்டில் செலினியமே இல்லாவிட்டால்? கென்டக்கியில் ஐ.சி.ஜி.யின் துணைக் கம்பெனி ஒன்றின் மீது இதே செலினியத்துக்காக வழக்கு வந்தது. அந்தச் சுரங்கத்தின் பெர்மிட்டில் செலினியத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் இந்த வட்டாரத்துச் சுரங்கங்களில் செலினியம் வரும் என்பது பெர்மிட் கொடுத்த அரசுக்குத் தெரிந்தே இருந்தது. எனவே பெர்மிட் கையில் இருப்பதே கம்பெனியை இந்த வழக்கிலிருந்து காக்கும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வெர்ஜினியாவில் ஏ அண்ட் ஜி என்ற கம்பெனி செலினியத்தைப் பற்றி விண்ணப்பத்திலேயே சொல்லவில்லை என்பதற்காக வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை மறுத்திருந்தது. ஆக, பெர்மிட் எழுதும் நாளிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது. பட்டியலில் இல்லாததை யாரும் அளக்கப் போவதில்லை.

நம் சட்டத்தில் இது எப்படி

இந்தியாவின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. பெர்மிட்டுக்குப் பதில் இங்கே மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2000-ஆம் ஆண்டு தனி வரம்புகள் அறிவிக்கப்பட்டன. லிட்டருக்கு மண்தூசு 100 மில்லிகிராம் (பாசனத்துக்கு விடுவதானால் 200), எண்ணெய்ப் பிசுக்கு 10, பி.ஹெச். 5.5 முதல் 9 வரை. அமெரிக்காவின் நாள் உச்சமான 70-ஐவிட நம் 100 தளர்வானது.

வாரிய அதிகாரி மாதிரி எடுப்பதற்குச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு முறை வகுத்திருக்கிறது. ஆலைக்காரருக்கோ சுரங்கக்காரருக்கோ அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் கேட்டால் அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாட்டிலையும் சீல் வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறையில் எடுக்காத மாதிரியின் முடிவு நீதிமன்றத்தில் சாட்சியாகாது. வாரியத்தின் வழக்குகளுக்கு இதுவே பலவீனமாகவும் ஆகிவிடும். தண்ணீர் கெட்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், சீல் சரியில்லை என்று வக்கீல் எழுந்து நின்றால் தீர்ந்தது. 2024-இல் வந்த திருத்தம் பல மீறல்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமாக மாற்றியது. முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களில் அமலானது. ஒரு பெரிய சுரங்கத்துக்கு 15 லட்சம் எத்தனை மணி நேர வருமானம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பொதுமக்களுக்கு இங்கேயும் வாசல் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. ஒவ்வொரு இசைவாணையின் நிபந்தனைகளையும் வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும். கழிவுநீர் வெளியேறும் வழியால் பாதிக்கப்படுகிறவர்கள் அதைப் பார்க்கலாம் என்று 25-ஆம் பிரிவு சொல்கிறது. 49-ஆம் பிரிவின்படி எந்த ஒருவரும் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். அந்த 60 நாள் அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதே. அப்படிப் புகார் கொடுத்தவர் கேட்டால், தன்னிடமுள்ள சோதனை அறிக்கைகளை வாரியம் அவருக்குத் தர வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்று வாரியம் கருதினால் மறுக்கலாம் என்று ஒரு வரியையும் அதே பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.